சாப்பாடா, மளிகைப் பையா?

கோயில், பள்ளிவாசல், சர்ச் ஆட்கள் சேர்ந்து வேலூரில் அன்னதானம் தொடங்க நினைத்தால் முதல் தகராறு இதுதான்: சமைத்துப் போடுவதா, பையில் கட்டிக் கொடுப்பதா?

செலவு: சாப்பாட்டுக்கு கேஸ், அண்டா, சமையல்காரர் கூலி என்று தினமும் காசு கரையும். பைக்கு மொத்தக் கடை விலையும் ஒரு அறையும் போதும்.

கெடுதல்: வேலூர் வெயிலில் சாம்பார் சாதத்தை ஆக்கி இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். பருப்பு மாதக்கணக்கில் தாங்கும், வண்டு வராமல் பார்த்தால் சரி.

சடங்கு, விரதம்: இங்கேதான் சிக்கல். ஒரே அண்டா என்றால் சைவம்தான் வழி. ஹலால் கேள்வியும் எழாது. ரமலானில் பகல் பந்தியோடு மாலைக் கஞ்சியும் வேண்டும். பையில் இந்தத் தலைவலி இல்லை, அவரவர் வீட்டு அடுப்பு. ஆனால் ஒரே பந்தியில் உட்காரும் பழக்கம் பையால் வராது. எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

பதிவு: சமைத்துப் போட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொள்ளுங்கள்.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காள, ஜார்க்கண்ட் குடும்பங்கள் பலர் லாட்ஜிலேயே சமைக்கிறார்கள். நம்மூர் ரேஷன் அட்டை கிடையாது. அவர்களுக்கு அரிசி, கடுகெண்ணெய், உருளைக்கிழங்கோடு பை. உள்ளூர்க் குடும்பத்துக்கு ரேஷனில் அரிசி இலவசம், ஆகவே பருப்பும் எண்ணெயும். பஸ் ஸ்டாண்டில் படுப்பவருக்கு அடுப்பே இல்லை, சூடான சாப்பாடுதான்.