ஆளுங்கட்சியா, தமிழ்க் கட்சியா, சுயேச்சைக் குழுவா: வன்னியில் வாக்கின் கனம்

தேர்தல் நெருங்கினால் இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் குளக்கட்டுகளிலும் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் ஒரே கேள்விதான் எழுகிறது. அரசாங்கத்தில் இருக்கும் கட்சிக்குப் போடுவதா, தமிழ்க் கட்சிக்குப் போடுவதா, ஊரவர்கள் சேர்ந்து நிற்கும் சுயேச்சைக் குழுவுக்குப் போடுவதா? ஆட்களின் நல்லது கெட்டதை வைத்தே இதற்கு விடை தேடிப் பழகிவிட்டோம். வென்றவர் எந்தச் சபையில் இருக்கப்போகிறார், அங்கே யாருக்குக் கட்டுப்படுவார் என்பதைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட்ட வயலும், படையினர் வசமுள்ள குடியிருப்புக் காணியும் கொழும்பில் தீர்மானிக்கப்படும் விடயங்கள். முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் 2017 ஆம் ஆண்டு காணிக்காக வீதியோரத்தில் அமர்ந்தபோது, அந்தக் காணியை விடுவிக்கும் அதிகாரம் வன்னியின் எந்தச் சபையிடமும் இருக்கவில்லை. ஆகவே ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் இருந்தால் அமைச்சரின் கதவு திறக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அவர் கட்சிக்குள் எவ்வளவு கனமானவர்? 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்தி பெற்ற 159 ஆசனங்களில் வன்னித் தேர்தல் மாவட்டம் கொடுத்தவை 2 மட்டுமே. கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர், அந்த நீக்கம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்க்காவிட்டால், ஆசனத்தையும் இழப்பார் என்று அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரை சொல்கிறது. அதனால் காணி விடயத்தில் கட்சி ஒன்றைத் தீர்மானித்துவிட்டால், அதற்கு எதிராக அவர் கையுயர்த்துவது அரிது.

தமிழ்க் கட்சியின் உறுப்பினர் பாராளுமன்றத்தில் தயங்காமல் பேசலாம். பேச்சு முடிவாக மாறுவதுதான் கடினம். பிராந்தியக் கட்சியொன்று எதிர்ப்புக் குரலாக மட்டும் நில்லாமல் ஆட்சி நடத்தவும் கூடிய இடம் மாகாண சபைதான். 2013 இல் வடமாகாண சபையின் 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்க் கட்சிகள் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்த பின் தேர்தல் நடத்தப்படாமல், மாகாண நிர்வாகம் ஆளுநரின் கையில் தங்கிவிட்டது. இதனுடன் பிளவும் சேர்ந்துகொண்டது. வன்னியின் 6 பாராளுமன்ற ஆசனங்களில் 2015 இல் 4 ஐயும் 2020 இல் 3 ஐயும் பெற்றிருந்த கூட்டமைப்பு உடைந்தது. 2024 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, சனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு ஒன்று என்றானது. அவ்விரண்டின் வாக்குகளையும் கூட்டினால் மாவட்டத்தில் முதலிடம் வந்த கட்சியின் வாக்குகளை மிஞ்சும். முதலிடத்துக்குரிய போனஸ் ஆசனம் இப்படித்தான் கைநழுவியது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

சுயேச்சைக் குழுவின் பெறுமதியை ஒரு மாரியில் நேரே கண்டேன். எங்கள் வீதியின் மதகு உடைந்து, பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போன வாரத்தில், சுயேச்சையாக வென்ற வட்டார உறுப்பினர் விடியற்காலையிலேயே உழவு இயந்திரத்தில் மண்மூட்டைகளோடு வந்து நின்றார். அந்த அண்ணை அன்று செய்ததை எந்தக் கட்சிக்காரரும் செய்யவில்லை. ஆனால் வீதி மாகாணத் திணைக்களத்துக்குரியது என்பதால், நிரந்தர மதகுக்கு அவரால் கடிதம் எழுத மட்டுமே முடிந்தது. உள்ளூராட்சிச் சபைகளில் 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து வருவதாலும், எக்கட்சிக்கும் பாதி ஆசனம் கிடைக்காதபோது தவிசாளரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவதாலும், பிரதேச சபையில் இரண்டு மூன்று சுயேச்சை உறுப்பினர்கள்கூடத் தராசைச் சாய்க்கலாம். பாராளுமன்றத்துக்கு அப்படியல்ல. வன்னியில் 9 பெயர்களைச் சேர்த்துப் பட்டியல் போட்ட குழு, மாவட்டத்தில் 5 வீத வாக்கைத் தாண்டாவிட்டால் அத்தனை வாக்கும் பயனற்றுப் போகும்.

ஆகவே பிரதேச சபைக்கு ஊரறிந்த சுயேச்சை உறுப்பினருக்கும், பாராளுமன்றத்துக்கு ஒரே பட்டியலில் நிற்கச் சம்மதிக்கும் தமிழ்க் கட்சிகளுக்கும் என் வாக்கைக் கொடுப்பேன். ஆளுங்கட்சி வேட்பாளர் படலைக்கு வந்தால், எந்தக் காணியை எந்தத் திகதிக்குள் விடுவிப்பீர்கள் என்று அவருடைய கட்சி கையொப்பமிட்ட கடிதத்தைத்தான் முதலில் கேட்பேன்.