ஐம்பது கிலோ ஆளுக்கு ஏற்ற வீல் ஸ்பேனர்

காரோடு வரும் எல் ஸ்பேனரை நம்பி நெடுஞ்சாலையில் போக, ஆள் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். என் எடை ஐம்பது கிலோ. வீல் நட்டு 100 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் இருந்தால், கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் நாற்பது கிலோ பாரம் விழுந்தால்தான் அசையும். பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து டர்ர் என்று முடுக்கிவிட்ட நட்டு என்றால் அதற்கும் மேலே. துவரங்குறிச்சி தாண்டி ஒரு மத்தியானம் நான் அதன் மேல் ஏறியே நின்றேன், நட்டு அசையவில்லை. கடைசியில் ஒரு லாரி டிரைவர் அண்ணன்தான் வந்து கழற்றிக் கொடுத்தார்.

இப்போது டிக்கியில் இருப்பது 18 இஞ்ச் பிரேக்கர் பார், அதாவது இறுகிய நட்டை இளக்கும் நீளக் கம்பி. சாக்கெட் மாட்டும் அதன் சதுர முனை (டிரைவ்) அரை இஞ்ச். கூடவே நட்டின் மேல் கவிழ்ந்து பிடிக்கும் நீள சாக்கெட் இரண்டு, 19, 21 எம்.எம். அளவில். என் வேகன் ஆருக்கு 19, வீட்டுக்காரரின் ஐ10க்கு 21. மொத்தச் செலவு ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. நீளம் கூடியதால் அதே நட்டுக்கு இருபத்திரண்டு கிலோ பாரம் போதும். ஒரு கையால் சாக்கெட் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அழுத்தினாலே இளகிவிடுகிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் இளக்கிவிட வேண்டும், ஜாக்கி அப்புறம்தான்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது உள்ளே பன்னிரண்டு பட்டை உள்ள சாக்கெட். "இதைத்தான் மேடம் எல்லாரும் வாங்குறாங்க." வாங்கட்டும். அது நட்டின் முனைகளை மட்டும் பிடிக்கும். துருப்பிடித்த நட்டில் பலமாக அழுத்தினால் முனை மழுங்கி வழுக்கிவிடும், பிறகு எந்த ஸ்பேனரும் உட்காராது. ஆறு பட்டைதான் பக்கங்களைப் பிடிக்கும். நட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் ராட்செட் கைப்பிடியும் காட்டினார். கிடுகிடுவென்று திருப்ப அருமையாக இருக்கிறது, ஆனால் இறுகிய நட்டை இளக்க அதன் உள்ளே இருக்கும் சின்னப் பற்களை நம்ப எனக்கு மனசில்லை. பிளஸ் ஸ்பேனர் நல்ல சாமான்தான். இரண்டு கையாலும் பிடிக்கலாம், நாலு அளவும் அதிலேயே உண்டு. ஆனால் என் டிக்கியில் அதற்கு இடம் இல்லை, ஒவ்வொரு கையும் குட்டை வேறு.

ஒரு எச்சரிக்கை. இந்த நீளக் கம்பியால் இறுக்காதீர்கள். இளக்க உதவுகிற அதே நீளம், இறுக்கும்போது நம்மை அறியாமல் ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறும் மரையாணியை, இழுத்துக் கெடுத்துவிடும். சின்னக் கார்களுக்குக் கம்பெனி சொல்வது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்து முடுக்கலாம். இல்லையென்றால், மேலே நான் திட்டிய எல் ஸ்பேனரே இறுக்குவதற்குச் சரியான சாமான். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்குங்கள், ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபாருங்கள்.

குறை என்றால் சத்தம்தான். ஸ்டெப்னி பள்ளத்தில் அடங்காததால் பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைத்தும் வேகத்தடையில் லொடக்கென்கிறது.

நாத்தனாரின் போலோவுக்கு இந்த இரண்டு சாக்கெட்டும் உதவாது. அதில் நட்டே இல்லை, 17 எம்.எம். போல்ட்டு. அலாய் வீல் போட்டவர்களுக்கோ தடித்த சாக்கெட் குழிக்குள் நுழையாது, நுழைந்தாலும் பெயிண்டைச் சுரண்டும். சுவர் மெலிந்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டது தனியாகக் கிடைக்கிறது. கடைக்குக் காரையே ஓட்டிக்கொண்டு போய், நட்டில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.