சொந்தமா, மொய்யா? அறவுணர்வுக்கு இரண்டு விளக்கங்கள்

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, 1964இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் அதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். கூடப்பிறந்தவரோடு நமக்குப் பொதுவான மரபணு சராசரியாகப் பாதி. சித்தப்பா பிள்ளையோடு எட்டில் ஒரு பங்கு. சொந்தம் நெருங்க நெருங்க, அவர் வழியாகவும் நம் மரபணு பரவும் என்பதால், அவருக்காக நஷ்டப்படும் குணம் தலைமுறை தாண்டி நிற்கும். பெல்டிங் தரை அணில்களில், பக்கத்தில் சொந்தங்கள் உள்ள பெண் அணில்களே ஆபத்தைக் கண்டால், கத்துவது தங்களையே காட்டிக்கொடுக்கும் என்றாலும், அதிகம் கத்துகின்றன.

இன்னொரு உயிரியலாளர் ராபர்ட் ட்ரைவர்ஸ் 1971இல் சொன்னது வேறு வழி: இன்று நான், நாளை நீ. வடபழனி கல்யாண மண்டபத்து மொய் நோட்டுதான். இரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று நாள் இரையில்லாமல் இருந்தால் செத்துவிடும். வயிறு நிறைந்த வௌவால், குடித்ததைக் கக்கிப் பட்டினி கிடப்பதற்கு ஊட்டுகிறது. அங்கே சொந்தமா என்பதைவிட, முன்பு தனக்கு ஊட்டியதா என்பதே அதிகம் எடுபடுகிறது.

மனிதருக்கு இரண்டாவதே நெருக்கமாகப் படுகிறது எனக்கு. நன்றி, கோபம், குற்ற உணர்ச்சி எல்லாம் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காப்பாற்ற வந்தவை என்கிறார் ட்ரைவர்ஸ். ஹாமில்டன் கணக்கில் இவற்றுக்கு அவ்வளவு வேலையில்லை. (அண்ணன் தம்பி சொத்து வழக்குகள் தனிக் கதை.)

சரி, 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் முன்பின் தெரியாதவர்களைப் படகில் ஏற்றினார்களே? சொந்தமும் இல்லை, மொய்யும் திரும்பாது. பார்த்தவர்களிடம் கிடைக்கும் நற்பெயரே பலன் என்று 1987இல் உயிரியலாளர் ரிச்சர்ட் அலெக்சாண்டர் ஒரு விளக்கம் தந்தார். பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போகிறவர்களுக்கு அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை.