பழைய லிங்கன் எல்.என்-7 ஃபீடரை மில்லர் மெஷினில் ஓட்ட மூன்று வழிகள்

ஃபீடர் என்பது வெல்டிங் ஒயரைக் கன்னுக்குத் தள்ளும் பெட்டி; மெஷின் அதற்கு கரண்ட் கொடுக்கும். லிங்கன், மில்லர் இரண்டு வெல்டிங் கம்பெனியும் இவற்றை இணைக்க 14 பின் பிளக்தான் வைத்திருக்கின்றன. வடிவம் ஒன்றே என்பதால் செருகினால் உட்கார்ந்துவிடும். ஆனால் உள்ளே ஒயர் வரிசை முற்றிலும் வேறு. லிங்கனில் ஏ, ஜே பின்கள் இரண்டும் 115 வோல்ட், பி எர்த், சி-டி ட்ரிகர் (கன்னில் உள்ள சுவிட்ச்). மில்லரில் ஏ 24 வோல்ட். அதை பி-யோடு சேர்த்தால் காண்டாக்டர் (வெல்டிங் கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச்) இழுக்கும். சி ரிமோட்டுக்கான 10 வோல்ட் ரெஃபரன்ஸ், டி அதன் காமன் (திரும்பும் ஒயர்). ஆகவே லிங்கன் ஃபீடரை அப்படியே செருகி ட்ரிகரை அழுத்தினால், அந்த 10 வோல்ட் காமனோடு ஷார்ட் ஆகும். ஃபீடருக்கு 115 வோல்ட்டும் வராது. தலைகீழாக, மில்லரின் 24 வோல்ட் ஃபீடரை லிங்கன் மெஷினில் செருகினால் இன்னும் மோசம்: ட்ரிகர் அழுத்தும்போது 115 வோல்ட்டின் ஒரு கால் நேராக பாடி எர்த்தில் சேரும்.

முதல் வழி, அடாப்டர் கேபிள். எல்.என்-7-இன் பழைய கேபிள்களில் மெஷின் பக்கம் எண் போட்ட தனி ஒயர்களே வரும், அதனால் வேலை எளிது. 115 வோல்ட் ஒயர்களான 31-ஐ ஐ-யிலும், 32-ஐ ஜி-யிலும், ட்ரிகர் ஒயர்களான 2-ஐ ஏ-யிலும், 4-ஐ பி-யிலும், எர்த்தை கே-யிலும் சேர்க்க வேண்டும். 21-ஐ பிளக்கில் எங்கும் தொடக்கூடாது. அது ஜாப் (வெல்டிங் செய்யும் இரும்பு) வோல்டேஜை உணரும் ஒயர். மில்லரின் ஹெச் பின் வேறு வேலைக்கானது. 21-ஐத் தனியாக எடுத்து, ஜாப்புக்குப் போகும் எர்த் கேபிள் போல்ட்டில் கட்டுங்கள். ரிமோட்டில் வோல்டேஜை மாற்றும் 75, 76, 77 இருந்தால் நுனியை இன்சுலேட் செய்து மடக்கிவிட்டு, வோல்டேஜை மெஷின் முகப்பிலேயே வையுங்கள். லிங்கனின் ரிமோட் பாட் (வோல்டேஜ் குமிழ்) 10 கிலோ ஓம். அதை மில்லரோடு பொருத்திப் பார்ப்பது பலனுக்கு மீறிய உழைப்பு. மெஷினில் காண்டாக்டர் சுவிட்ச் மட்டும் ரிமோட்டில் இருக்கட்டும்.

இந்த வழிக்கு ஒரே நிபந்தனை, ஐ-க்கும் ஜி-க்கும் நடுவே மீட்டர் 115 ஏசி காட்ட வேண்டும். சில மாடல்களில் 24 மட்டுமே இருக்கும். 115 இருந்தாலும் ஃபீடர் பிளேட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரை அந்தப் பின்னின் பிரேக்கர் தாங்குமா என்று ஒத்துப் பாருங்கள்.

115 இல்லையென்றால் இரண்டாம் வழி: ஃபீடருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர். மெஷினிலிருந்து ட்ரிகருக்கு இரண்டு ஒயர் மட்டும் வந்தால் போதும். பிளேட் ஆம்பியரை 115-ஆல் பெருக்கி, அதன் ஒன்றரை மடங்கு விஏ (வோல்ட்-ஆம்பியர்) எடுங்கள். 3 ஆம்பியர் என்றால் 345, ஒன்றரை மடங்கு சுமார் 518. ஆகவே அதற்குக் குறையாத விஏ வாங்கலாம். 230 வோல்ட் லைனில் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் விலை குறைவுதான், ஆனால் கூடாது. அதில் மெயின்ஸ் லைன் ஃபீடருக்குள் அப்படியே தொடர்கிறது. இரண்டு சுற்றும் பிரிந்த ஐசொலேஷன் வகையே வேண்டும், செகண்டரியில் ஃபியூஸும் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மட்டும் எழுதிய ஃபீடரை 50-இல் ஓட்டினால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும்; 50/60 என்று இருக்கிறதா பார்க்கவும்.

இங்கே ஆட்கள் தவறுவது ட்ரிகரில்தான். எல்.என்-7-இன் 2-4 வெறும் ரிலே காண்டாக்ட், வோல்டேஜ் எதையும் வெளியே அனுப்பாது. வேறு பழைய ஃபீடர்கள் சில, ட்ரிகர் அழுத்தினால் 115 வோல்ட்டையே காண்டாக்டருக்கு அனுப்பும். கட்டுவதற்கு முன், ட்ரிகரை அழுத்தி அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே ஏசி வோல்ட் பாருங்கள், பூஜ்யம் என்றால் மட்டும் ஓம் பாருங்கள். வோல்ட் வந்தால் அதே வோல்ட் காயில் உள்ள ரிலேவை நடுவில் வையுங்கள்.

மூன்றாம் வழி எல்.என்-7-ஐ ஒதுக்கிவிட்டு எல்.என்-25 போல ஆர்க் வோல்டேஜிலேயே ஓடும் ஃபீடர். கண்ட்ரோல் கேபிளே வேண்டாம், ஜாப்பில் ஒரு கிளிப் போதும். நீண்ட கேபிள் இழுக்கும் சைட் வேலைக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் உள்ளே காண்டாக்டர் இல்லாத மாடலில் ட்ரிகர் விட்டாலும் ஒயரில் கரண்ட் இருக்கும். கன் ஜாப்பில் உரசினாலே பொறி பறக்கும். சாதாரண ஸ்டிக் ரெக்டிஃபையரோடு இதை இணைத்துச் சிக்கனம் பார்க்கிறார்கள். தடித்த ஃபிளக்ஸ் கோர் ஒயருக்குச் சமாளிக்கலாம், 1.2 மிமீ சாலிட் ஒயருக்கு ஆகாது. கை சற்று ஏறி இறங்கினாலே ஆர்க் வோல்டேஜ் தாவும், ஒயர் முட்டும் அல்லது டிப்பில் ஒட்டும். எல்.என்-7-ஐ ஸ்டிக் மெஷினில் கட்டும் எண்ணமே வேண்டாம்: அது ஒரே வேகத்தில் ஒயர் தள்ளும் ஃபீடர், வோல்டேஜை ஒரே அளவில் வைத்திருக்கும் சிவி மெஷின்தான் தேவை.

பட்டறைக்குள் நிற்கும் மெஷினுக்கு என் தேர்வு முதல் வழி, அது முடியாதபோது இரண்டாவது. சப்ளைக்கு 1.5 சதுர மிமீ, ட்ரிகருக்கு 0.75 போதும். முதல் சோதனையில் டிரைவ் ரோலைத் திறந்து வைத்து ட்ரிகர் அழுத்துங்கள்: மோட்டார் சுழல வேண்டும், மெஷின் முனைகளில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் வர வேண்டும், விட்டதும் இரண்டும் நிற்க வேண்டும். பிறகுதான் ஒயரை ஏற்றுவது.

எல்லாம் சரியாக ஓடிச் சில நாளில் கண்ட்ரோல் கேபிள் எர்த் ஒயர் கருகினால், ஃபீடரைக் குறை சொல்ல வேண்டாம். ஜாப் கிளாம்ப் தளர்ந்திருக்கும். திரும்ப வழியில்லாத வெல்டிங் கரண்ட் அந்த மெல்லிய ஒயர் வழியே போயிருக்கும். கிளாம்பைச் சுரண்டி இறுக்கிய பிறகே கேபிளை மாற்றுங்கள்.