மோட்சார்ட் வீடா, மெண்டல்சன் வீடா?

இசைமேதைகளான அக்கா-தம்பியை வைத்து மாயம் கலந்த சரித்திர நாவல் எழுத உட்கார்ந்தால், ஐரோப்பாவில் இரண்டு வீடுகள் தயாராக இருக்கின்றன.

சால்ஸ்பர்க் மோட்சார்ட் வீட்டில் மாயத்துக்கு அலையவே வேண்டாம். 1763-ல் கிளம்பிய நீண்ட பயணத்தில், குதிரை வண்டியில் பொழுது போக்கப் பிள்ளைகள் ஒரு ராஜ்யத்தையே கற்பனை செய்தார்கள். வேலைக்காரர் அதற்கு வரைபடமும் போட்டுக் கொடுத்தார்! அக்கா நானெர்ல் தம்பிக்குச் சமமாக ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய கட்டைவாத்தியம்) வாசித்தவள். வளர்ந்ததும் அப்பா மகனை மட்டும் இத்தாலிக்கு அழைத்துப் போனார். அவள் இயற்றிய ஒன்றை 1770-ல் தம்பி கடிதத்தில் மெச்சுகிறான். ஆனால் அவள் இயற்றியது எதுவும் இன்று இல்லை. நாவலாசிரியருக்கு அந்த வெற்றிடம் லாபம்தான்.

பெர்லின் மெண்டல்சன் வீட்டில் நிலைமை தலைகீழ். அக்கா ஃபானியின் படைப்புகள் நானூறுக்கும் மேல் கிடைக்கின்றன. உனக்கு இசை ஓர் அலங்காரம் மட்டுமே என்று 1820-ல் அப்பா எழுதிய கடிதமும் இருக்கிறது. அவள் பாட்டுகள் சில தம்பி ஃபீலிக்ஸ் பெயரில் அச்சாயின. 1842-ல் விக்டோரியா ராணி விரும்பிப் பாடியதும் அப்படி ஒரு பாட்டு. அது அக்காவுடையது என்று அவன் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1847 மே மாதம் அவள் இறந்தாள், நவம்பரில் அவன். இதற்குமேல் தேவதையும் பூதமும் எதற்கு? மாய நாவல் என்றால் என் ஓட்டு சால்ஸ்பர்க்குக்கே. ஃபானிக்கு நேரான சரித்திர நாவல் போதும்.