அரபுக் கிளைமொழிகளைப் பிரிக்கும் வழிகள்: உணர்வுப் பகுப்பாய்வுக்கு எது பயன்படும்?

கெய்ரோவில் ஒருவர் தம்மை 'மப்சூத்' என்று சொன்னால் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று பொருள். ஈராக்கியர் பேச்சில் அதே சொல் அடி வாங்கியவரைக் குறிக்கும். வேலை செய்து களைத்தவரிடம் டமாஸ்கஸில் 'யஅதீக் அல்ஆஃபியா', அதாவது இறைவன் உனக்கு நலம் தரட்டும், என்று வாழ்த்துவார்கள். மொராக்கோவிலோ 'ஆஃபியா' என்றால் நெருப்பு என்பதால், அந்த வாழ்த்து அங்கே சாபமாகக் காதில் விழும். ஒரு கருத்துரை பாராட்டா, ஏச்சா என்று கணினியைக் கொண்டு கணிப்பதே உணர்வுப் பகுப்பாய்வு; அதில் முனைகிறவர்கள், அது எந்தக் கிளைமொழியில் எழுதப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டியிருப்பது இதனால்தான். ஆனால் அரபுக் கிளைமொழிகளை எப்படிப் பிரிப்பது என்பதில் மொழியியலாளருக்கும் கணினித் துறையினருக்கும் வெவ்வேறு வழிகள் உள்ளன. ஒரு நோக்கத்துக்கு நல்லது மற்றொரு நோக்கத்துக்கு உதவுவதில்லை.

மிகப் பழைய வழி, பாலைவன நாடோடிகளின் பேச்சையும் நகரங்களிலும் ஊர்களிலும் நிலைத்து வாழ்வோரின் பேச்சையும் பிரிப்பது. இதற்கான உரைகல் 'காஃப்' என்னும் ஒரே எழுத்து. நாடோடி மரபுப் பேச்சில் அது 'தங்கம்' என்பதில் வரும் ககரம் போல அதிர்ந்து ஒலிக்கும். கெய்ரோ, டமாஸ்கஸ் நகரத்தார் வாயில் குரல்வளையை நொடிப்பொழுது அடைத்துத் திறப்பதோடு முடிந்துவிடும். பாலஸ்தீனச் சிற்றூர்கள் சிலவற்றில் வல்லின ககரமாகும். 14ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதியிருக்கிறார். 1964இல் மொழியியலாளர் ஹைம் பிளாங்க் பாக்தாத் பற்றி வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனது: 'நான் சொன்னேன்' என்பதை முஸ்லிம்கள் அதிரும் ககரத்தோடு 'கிலித்' என்றும், அதே நகரத்து யூதர்களும் கிறித்தவர்களும் பழைய காஃப் ஒலியோடு 'கெல்து' என்றும் சொன்னார்கள். ஒரே ஊர், மூன்று சமூகங்கள், இரண்டு மரபுகள். வரைபடத்தில் கோடு போட்டு இதைப் பிடிக்கவே முடியாது. மொழியின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இதைவிடக் கூர்மையான கருவி இல்லை என்பதே என் எண்ணம்.

ஆனால் எழுத்துக்கு வந்தவுடன் இந்தக் கருவி ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. காஃபை எப்படி ஒலித்தாலும் பெரும்பாலோர் அதே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். 'வாழைப்பழம்' என்று எழுதியவர் அதை எப்படி உச்சரிப்பார் என்று நம்மால் சொல்ல முடியாதது போலத்தான். பேச்சுப் பதிவுகளை ஆராய்வோருக்கு இது தங்கம்; கருத்துரைகளை ஆராய்வோர் வேறிடம் தேட வேண்டும்.

இரண்டாவது வழி திசை சார்ந்தது: மேற்கே மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா போன்றவை அடங்கிய மக்ரிப், கிழக்கே எகிப்து முதல் ஈராக், வளைகுடா வரையிலான மஷ்ரிக். இதன் அடையாளம் எழுத்திலும் தெரியும். மக்ரிபில் 'நான் எழுதுகிறேன்' என்பதே 'ந்' என்னும் முன்னொட்டோடு தொடங்கும். 'நாங்கள் எழுதுகிறோம்' என்பதற்கு அதே வடிவத்தின் கடைசியில் ஓர் உகரம் சேரும். கிழக்கில் அந்த 'ந்' முன்னொட்டு பன்மைக்கு மட்டுமே உரியது. ஆகவே ஒரே எழுத்துக்கோவையை மொராக்கோக்காரர் ஒருமையாகவும் கெய்ரோக்காரர் பன்மையாகவும் படிப்பார்கள்.

கணினித் துறையினர் இந்தத் திசைப் பிரிவைத்தான் விரித்துக்கொண்டார்கள். ஸைதான், காலிசன்-பர்ச் என்னும் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட தரவு, ஜோர்தான், எகிப்து, சவூதி நாளிதழ்கள் மூன்றின் வாசகர் கருத்துகளிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் வைத்துக்கொண்ட பிரிவுகள் எகிப்து, ஷாம் (சிரியா, லெபனான், ஜோர்தான், பாலஸ்தீனம்), வளைகுடா, ஈராக், மக்ரிப் என ஐந்து. நாளிதழ்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலே, அதில் மக்ரிப் மெலிந்து போனதன் காரணம் புரியும். ஒவ்வொரு கருத்தும் எந்தக் கிளைமொழி என்று குறியிட்டவர்கள் தத்தம் ஊர்ப் பேச்சையே எங்கும் காணச் சாய்ந்தார்கள் என்பதையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

அதற்கு எதிர்முனையில் நிற்பது 2018இன் மதார் என்னும் ஆய்வுத் திட்டம்: 25 நகரங்களின் பேச்சு, அவற்றோடு எல்லா நாடுகளுக்கும் பொதுவான எழுத்தரபு. டமாஸ்கஸும் அலெப்போவும் அதில் தனித்தனி. சராசரியாக ஏழு சொற்கள் கொண்ட வாக்கியங்களில் எந்த நகரத்துப் பேச்சு என்பதைச் சிறந்த முறை 67.9 விழுக்காடு சரியாகக் கணித்தது. பதினாறு சொற்கள் கிடைத்தபோது 90 விழுக்காட்டைத் தாண்டியது. இவை நல்ல எண்கள்தான். ஆனால் அந்த வாக்கியங்கள் பயணிகளுக்கான சொற்றொடர்களிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. விடுதி அறை கேட்பவர் யாரையும் திட்டுவதில்லை. உணர்வைப் பற்றி அந்தத் தரவு சொல்வது கொஞ்சமே. 2020இல் தொடங்கிய, கிளைமொழியைக் கணினி கொண்டு கண்டறியும் நாதி என்னும் ஆய்வுப் போட்டித் தொடர் ட்விட்டர் பதிவுகளை எடுத்து 21 நாடுகளாகப் பிரித்தது. அதில் உணர்ச்சிக்குக் குறைவில்லை, ஆனால் நாட்டுக் குறி எழுதியவரின் இருப்பிடத்தை ஒட்டியே தரப்பட்டது. துபாயில் வாழும் எகிப்தியர் எந்த நாட்டுப் பேச்சில் எழுதுவார்?

'மிகவும்' என்பதற்கு மொராக்கோவும் அல்ஜீரியாவும் 'பஸ்ஸாஃப்', துனீசியா 'பர்ஷா', எகிப்து 'அவி', ஷாம் 'கதீர்', ஈராக் 'ஹவாயா', வளைகுடா 'வாயித்' என்கின்றன. நாட்டை அடையாளம் காண 'பர்ஷா'வுக்கும் 'பஸ்ஸாஃப்'புக்கும் உள்ள வேறுபாடு விலைமதிப்பற்றது. ஆனால் உணர்வைக் கணிக்க இரண்டும் ஒன்றே, இரண்டும் அளவைக் கூட்டுகின்றன, அவ்வளவுதான். மாறாக, பொருளையே தலைகீழாக்கும் 'மப்சூத்', 'ஆஃபியா' போன்றவை ஐந்து பிரிவுகளின் எல்லையிலேயே பிடிபடுகின்றன: முன்னதற்கு ஈராக், பின்னதற்கு மக்ரிப். ஆகவே உணர்வுப் பகுப்பாய்வுக்கு நுணுக்கமான 25ஐவிடப் பருமனான ஐந்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஒரே ஒரு நிபந்தனை: ஒரு வாக்கியத்துக்கு ஒரே கிளைமொழிக் குறி என்று கட்டாயப்படுத்தக் கூடாது. குட்டி வாக்கியங்கள் பல, பல நாடுகளிலும் அப்படியே வழங்குகின்றன. கெலெக், மக்தி என்னும் ஆய்வாளர்கள் 2023இல் சரிபார்த்தபோது, கிளைமொழியைக் கணிப்பதில் கணினியின் பிழைகள் என்று எண்ணப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உண்மையில் பிழைகளே அல்ல என்று கண்டார்கள். 2024இல் நாதியும் பல குறிகளுக்கு மாறியது. 'மப்சூத்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே கருத்துரையாக வந்தால் எகிப்து, ஈராக் இரண்டையும் குறித்துவைத்து, அது எந்தக் கருத்துக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று மேலே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.