ஹார்ட் டிஸ்க் மாற்றக் கொடுக்கிறவர்கள் கவனம்! 18,500 ரூபாவும் போனது, உள்ளே இருந்ததும் போனது

யாழ் நகரில் கணினி திருத்துகிற ஒரு கடை என்னிடம் 18,500 ரூபா வாங்கிக்கொண்டு, என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டது. கேட்டால் டிஸ்க்கில்தான் பிழையாம். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் வாசிக்கிறவர்கள் தயவுசெய்து கவனமாக இருங்கள்.

பழைய லப்டொப்பின் மதர்போர்ட் செத்துவிட்டது. டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய லப்டொப்பில், அதன் சொந்த டிஸ்க்கான எஸ்எஸ்டியிலேயே விண்டோஸ் 11 இருந்தது, இரண்டரை அங்குல டிஸ்க் ஒன்று போட இடமும் காலியாக இருந்தது. பழைய டிஸ்க்கை அதற்குள் போட்டு என் கோப்புகளைத் தாருங்கள் என்றுதான் கேட்டேன். ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்க 2013 இலிருந்து தயாரித்த குறிப்புகள், வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான். அம்மா சாமியறையில் இருந்து தேவாரம் படித்த ஒலிப்பதிவும் அதில்தான். அம்மா இப்போது இல்லை.

கடையில் நின்ற தம்பி டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பிரக்கெட்டும் கேபிளும் போட்டுப் பூட்டினாச் சரி. பழசில இருந்த மாதிரியே வரும்" என்றார். "அம்மான்ர குரல் இருக்குத் தம்பி, கவனம்" என்றேன். "எனக்கும் அம்மா இருக்கிறா அக்கா, நான் பாக்கிறன்" என்று நெஞ்சில் கை வைத்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் 18,500 ரூபாவையும் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால் கடைக்காரர் புதிதாகப் போட்ட விண்டோஸ் மட்டும் வருகிறது. என்னுடைய ஒரு ஃபோல்டரும் இல்லை. அடிப்பக்கத்தில் இரண்டு ஸ்குரூவும் இல்லை.

போன் எடுத்தேன். "லோட் ஆக நேரம் எடுக்கும் அக்கா." பிறகு, "முதலாளி கொழும்புக்குப் போட்டார்." பிறகு போனே எடுக்கவில்லை. நேரே போனால், அதே தம்பி என்னை முன்பின் கண்டிராதவர்போல யாருக்கோ பிரின்டர் காட்டிக்கொண்டு நிற்கிறார். கடைசியில் முதலாளி வந்து, "உங்கட டிஸ்க் முதலே பழுது. டேட்டா எடுக்கிறதெண்டால் இன்னும் 25,000 வரும்" என்கிறார். அழித்தவர்களே எடுத்துத்தரக் காசு கேட்கிறார்கள்! இதை எந்த வாயால் கேட்கிறார்கள்?

கணினித்துறையில் வேலை செய்கிற மச்சாளின் மகன் பார்த்தான். டிஸ்க் பழுதில்லை, சோதித்தால் நல்ல நிலை என்றே காட்டுகிறது. பழைய டிஸ்க், விண்டோஸ் 7 காலத்தில் டிஸ்க்கைப் பகுதி பிரித்த எம்பிஆர் என்ற பழைய முறையில் இருந்தது. புது லப்டொப் தொடங்குவது யூஈஎஃப்ஐ என்ற புது முறையில் மட்டும்தான், எம்பிஆர் டிஸ்க்கில் இருந்து பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் தொடங்காது. அதில் விண்டோஸ் போடப் போனால், ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறை வேண்டும் என்று தடுக்கும். அப்போது டிஸ்க்கில் இருந்த பகுதிகள் (பார்ட்டிஷன்) எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதன்மேலேயே விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். அந்த விண்டோஸ் போடப்பட்ட திகதியைப் பார்த்தால், டிஸ்க் அவர்களுடைய கையில் இருந்த நாள்!

அதிலிருந்து பூட் ஆகவே தேவையில்லை என்பதுதான் வயிறு எரிகிற விஷயம். எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்க, இதை இரண்டாவது டிஸ்க்காகப் பூட்டியிருந்தாலே கோப்புகள் தெரிந்திருக்கும். ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுச் செருகியிருந்தாலும் போதும். அதற்கா 18,500 ரூபா?

விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முழுக் காசையும் முன்னுக்குக் கொடுக்காதீர்கள். "டேட்டா அழிக்கக்கூடாது" என்று பில்லில் எழுதுவித்து வாங்குங்கள், எனக்குத் தந்த துண்டில் "சேர்விஸ் 18,500" என்று மட்டும்தான் இருக்கிறது. டிஸ்க்கின் சீரியல் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸின் பிட்லொக்கர் போட்டிருந்தால், அதைத் திறக்கிற 48 இலக்கச் சாவி இல்லாமல் டிஸ்க்கைக் கழற்ற விடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நான் முறையிடப் போகிறேன்.

டிஸ்க்கைக் கழற்றி, அதில் இனி எதுவும் எழுதப்படாமல் வைத்திருக்கிறேன். மேலே விண்டோஸ் ஏறாத பகுதியில் இருப்பதை எடுக்கலாம் என்கிறான் மச்சாளின் மகன். யாழ்ப்பாணத்தில் இதை நேர்மையாகச் செய்து தருகிறவர் யாரையும் தெரிந்தால் சொல்லுங்கள். குறிப்புகள் போனால் போகட்டும், அம்மாவின் அந்த ஒலிப்பதிவு மட்டும் வேண்டும்.